பிள்ளைக்காகத் தேர்ந்தெடுப்பது

இங்கிலாந்தில் நான்கு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு ஜனவரி 15 மறக்கக்கூடாத நாள். அதற்குள் தொடக்கப்பள்ளிக்கான விண்ணப்பத்தை அவர்கள் தங்கள் உள்ளாட்சி மன்றத்திடம் சேர்ப்பித்துவிட வேண்டும். குறைந்தது மூன்று பள்ளிகளை விருப்ப வரிசையில் குறிப்பிட வாய்ப்பு உண்டு. ஏப்ரல் 16 அன்று விடை வரும். செப்டம்பரில் குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கும். கட்டணம் ஏதும் இல்லை. கேட்பதற்கு மிக எளிய ஏற்பாடாகவே தோன்றுகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் அரசு நிதியில் புதிதாகத் தொடங்கப்படும் ஒரு மாண்டிசோரி பள்ளியும் இடம்பெற்றுவிட்டால், விண்ணப்பத்தாள் ஓர் அறநெறிச் சோதனையாக மாறிவிடுகிறது.

புதிய பள்ளிக்கு வரலாறு இல்லை. அங்கே படித்து வெளியேறிய பிள்ளைகள் இல்லை. தேர்ச்சி விவரம் இல்லை. ஆய்வாளர்களின் அறிக்கையும் இல்லை. பல வேளைகளில் கட்டடம்கூட இருப்பதில்லை. ஏதேனும் ஒரு பொதுக்கூடத்தில் மாலைநேரக் கூட்டம் நடக்கும். மேசைமீது இளஞ்சிவப்பு மரக்கட்டைகளும் பொன்னிற மணிச்சரங்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆர்வம் மிக்க சிலர் வரப்போகும் பள்ளியைச் சொற்களால் எழுப்பிக் காட்டுவார்கள். அந்தச் சொற்களை நம்பிக் குழந்தையின் ஆறேழு ஆண்டுகளை ஒப்படைப்பதா? தன் சேமிப்பைப் புதிய தொழில் ஒன்றில் இடும் மனிதருக்கு இழப்பு நேர்ந்தால் அது அவருடைய இழப்பு. இங்கோ பணயமாக வைக்கப்படுவது மற்றோர் உயிரின் குழந்தைப் பருவம். அந்த உயிரிடம் சம்மதம் கேட்கவும் வழியில்லை.

குழந்தைக்குத் தானே தேர்ந்தெடுக்கும் திறன் உண்டு என்பதுதான் மாண்டிசோரி முறையின் ஆணிவேர். எந்தப் பொருளை எடுத்து, எவ்வளவு நேரம், எத்தனை முறை செய்து பார்ப்பது என்பதை அங்கே குழந்தையே முடிவு செய்கிறது. அத்தகைய வகுப்பறையின் வாயிலுக்கு அதைக் கொண்டு சேர்ப்பது மட்டும் பிறர் செய்யும் முடிவு. சுதந்திரத்திற்குள் நுழையும் வழியே சுதந்திரமற்றதாக இருக்கிறது! இந்த முரண்பாட்டிலிருந்து எந்தப் பெற்றோரும் தப்ப இயலாது. பிள்ளை வளர்ந்து தானே முடிவு செய்யட்டும் என்று வாளாவிருப்பதும் ஒரு முடிவுதான்.

ஏழைகளின் குடியிருப்பில் பிறந்த முறை

அரசு நிதியில் இயங்கும் மாண்டிசோரி பள்ளி ஏன் ஒரு செய்தியாகிறது என்பதை உணர அதன் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. அது தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஓர் ஏழைக் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குச் சென்ற பிறகு கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் வைத்துக் கவனித்தால் பழுதுபார்க்கும் செலவு மிச்சமாகும் என்று கட்டட உரிமையாளர்கள் கருதினர். அந்தப் பொறுப்பை ஏற்றவர் 36 வயதான மருத்துவர் மரியா மாண்டிசோரி. சுமார் 50 குழந்தைகள். அழுக்கும் அச்சமும் படிந்திருந்த அந்தப் பிள்ளைகள் சில மாதங்களில் ஆழ்ந்த கவனத்தோடு வேலை செய்வதை அவர் கண்டார். முறை பிறந்தது அந்தக் காட்சியிலிருந்துதான், ஏட்டிலிருந்து அன்று.

பிறகு நிகழ்ந்தது ஒரு விந்தை. செலவு மிச்சத்திற்காக ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்த இடத்தில் பிறந்த முறை, உலகின் பல நாடுகளில் வசதி படைத்தோர் கட்டணம் செலுத்திப் பெறும் பொருளாயிற்று. கருவிகளுக்கு விலை உண்டு. ஆசிரியர் பயிற்சி நீண்டது. பொதுப்பள்ளி நிர்வாகங்கள் பெரும்பாலும் தயங்கி நின்றன. தமிழகத்திற்கு இந்த வரலாறு அயலானதன்று. 1939-இல் இந்தியாவிற்கு வந்த மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவருடைய மகன் மாரியோவை ஆங்கில அரசு சிலகாலம் காவலில் வைத்தது. அம்மையார் 1946 வரை இந்த நாட்டிலேயே தங்க நேர்ந்தது. அவருடைய புகழ்பெற்ற நூல்களுள் ஒன்றான 'தி அப்சார்பென்ட் மைண்ட்' 1949-இல் சென்னையிலிருந்துதான் முதலில் வெளிவந்தது. இன்று தமிழக நகரங்களின் தெருக்களில் அவர் பெயர் தாங்கிய பலகைகள் நிறைய உண்டு. பலகைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி.

இங்கிலாந்தில் 2005-இல் மான்செஸ்டர் நகரின் கார்ட்டன் பகுதியில் இருந்த ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி இந்த முறையைத் தழுவியது. எளிய குடும்பங்கள் மிகுந்த பகுதி அது. பின்னர் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரும் ஆசிரியரும் அறக்கட்டளைகளும் அரசு நிதியில் புதிய பள்ளிகளைத் தொடங்க வழிவகுத்தது. 'ஃப்ரீ ஸ்கூல்' என்று பெயர் பெற்ற அவை தேசியப் பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை என்று அப்போது விதிக்கப்பட்டது. 2011 செப்டம்பரில் 24 பள்ளிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மாண்டிசோரி தொடக்கப்பள்ளி. சான் லொரென்சோவின் வாசல் மீண்டும் திறந்தது போல் பலருக்குத் தோன்றியிருக்கும்.

நன்மையா, முந்துதலா?

தம் பிள்ளைக்கு நல்லதைத் தேடுவதில் குற்றம் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை ஆடம் ஸ்விஃப்ட் என்ற ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர் விரிவாக ஆராய்ந்தார். பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் மனம் தடுமாறும் பெற்றோருக்கென்றே அவர் 2003-இல் ஒரு நூல் எழுதினார். கல்வியின் பயனில் இரு கூறுகள் உண்டு. அறிவு, மனநிறைவு, பண்பு ஆகியவை ஒருவரிடம் மிகுவதால் மற்றவரிடம் குறைவதில்லை. வேலைவாய்ப்பு, தகுதி வரிசை ஆகியவை அவ்வாறல்ல. அங்கே ஒருவர் முன்னேறினால் மற்றொருவர் பின்னே தள்ளப்படுகிறார். முதற்கூற்றைத் தேடும் பெற்றோரைக் குறைகூற இடமில்லை. இரண்டாவதைத் தேடுவோர், 'என் பிள்ளையின் நலம்' என்ற போர்வையில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பங்கையும் சேர்த்தே கேட்கிறார்கள். பின்னாளில் ஹாரி பிரிக்ஹவுஸ் என்பவருடன் சேர்ந்து ஸ்விஃப்ட் எழுதிய நூல் 2014-இல் வந்தது. அதில் மற்றொரு நுட்பத்தைச் சேர்த்தார்கள். இரவில் குழந்தைக்குக் கதை படித்துக் காட்டுவதாலும் அதற்குப் பிற குழந்தைகளைவிட நன்மை விளைகிறது; ஆயினும் அது அன்பின் இயல்பான வடிவம், அதை எந்த நீதியும் தடுக்கக்கூடாது.

மக்கட்பேற்றைப் பற்றிப் பேசும்போது வள்ளுவரும் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார் என்பது வியப்புக்குரியது. மகனை அவையில் முந்தி நிற்கச் செய்வது தந்தை செய்யும் நன்மை என்கிறார். அதை அடுத்த குறளிலேயே, பிள்ளைகளின் அறிவுடைமை பெற்றோரைவிட உலகத்து உயிர்களுக்கெல்லாம் இனியது என்று கூறிவிடுகிறார். முதற்கருத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் பிள்ளை வளர்ப்பு ஓட்டப்பந்தயமாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் முந்துவது யாருக்காக என்பது விளங்குகிறது.

மாண்டிசோரி வகுப்பில் மதிப்பெண் இல்லை, தரவரிசை இல்லை, பரிசும் தண்டனையும் இல்லை. போட்டியை விரும்பாத இந்தப் பள்ளியில் இடம்பிடிக்கவே போட்டி மூள்கிறது. நகைமுரண்தான். அங்கே சேர்த்தால் பிள்ளை பிறரை விஞ்சிவிடும் என்ற எண்ணத்தோடு வருபவர், பள்ளி எதைக் களைய முயல்கிறதோ அதையே கைப்பிடித்து உள்ளே அழைத்து வருகிறார்.

பெற்றோர் தம் உள்நோக்கத்தை எவ்வாறு அறிவது? தனிமையில் அமர்ந்து மனத்தை ஆராய்ந்தால் பெரும்பாலும் அது இனிய விடையையே தரும். மனம் தனக்குத் தானே நல்ல வழக்கறிஞர். செயலில்தான் உண்மை வெளிப்படும். புதிய மாண்டிசோரி பள்ளி வரப்போவதை அறிந்த தாய் ஒருவர், அதே தெருவில் வசிக்கும், அந்தச் சொல்லையே கேள்விப்பட்டிராத மற்றொரு தாயிடம் அதைப் பற்றிக் கூறுவாரா? பள்ளியை நடத்தவிருப்போர் போதிய எண்ணிக்கை சேர வேண்டுமே என்று கவலைப்படும் காலத்தில் எல்லோரும் கூறுவார்கள். அப்போது கூறுவதில் ஆதாயமும் உண்டு. முப்பது இடங்களும் நிறைந்துவிடும் என்று தெரிந்த பிறகு, சொல்லும் ஒவ்வொரு சொல்லும் தம் பிள்ளையின் வாய்ப்பைச் சிறிது குறைக்கும் என்று அறிந்தும் சொல்கிறவர் எத்தனை பேர்? இலவசப் பள்ளி எல்லோருக்கும் உரியது என்று சட்டம் கூறலாம். மாலைக் கூட்டத்திற்குப் போக நேரம் உள்ளவர், விதிகளைப் படித்துணரக் கூடியவர், அந்த முறையைப் பற்றி முன்பே அறிந்தவர் என்று சுருங்கிவிட்டால் அது மீண்டும் சிலருடைய பள்ளியாகிவிடும். கட்டணம் இல்லாத இடத்தில் மௌனமே கட்டணமாக அமைந்துவிடுகிறது.

பெயரும் பொருளும்

நோக்கம் தூயதாக இருந்தால் மட்டும் போதாது. கண்ணும் திறந்திருக்க வேண்டும். 'மாண்டிசோரி' என்ற பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். அது யாருக்கும் உரிய வணிகப் பெயரன்று, பொதுச்சொல் என்று அமெரிக்காவில் 1967-இல் முடிவானது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும்கூடப் பெயருக்குக் காவல் இல்லை. பெயரும் பொருளும் பிரிந்தால் விளைவும் மாறுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லர்ட் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், முறையைத் தூய வடிவில் பின்பற்றிய வகுப்புகளில் குழந்தைகள் பெற்ற வளர்ச்சி, வேறு கருவிகளையும் பயிற்சித் தாள்களையும் கலந்த வகுப்புகளில் இருந்ததைவிட மிகுதியாகக் காணப்பட்டது.

எனவே கூட்டத்தில் மேசைமீது இருக்கும் அழகிய கட்டைகளைக் கண்டு மயங்குவதில் பயனில்லை. அவற்றைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். கேட்க வேண்டியது வேறு. கற்பிக்கப் போகிறவர் யார்? அவர் பெற்ற பயிற்சி எத்தகையது? காலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இடையூறின்றிக் குழந்தைகள் வேலை செய்ய விடப்படுவார்களா, அல்லது மணிக்கு மணி அழைப்பொலி ஒலிக்குமா? பள்ளித் தலைவருக்கு முன்பு ஒரு பள்ளியை நடத்திய பட்டறிவு உண்டா? அரசு நிதி பெறும் பள்ளி அரசின் தேர்வுகளிலிருந்து விலகி நிற்க இயலாது. ஆறு வயதில் எழுத்தொலிச் சோதனை, பதினோரு வயதில் தேசியத் தேர்வு ஆகியவை இங்கிலாந்தில் உண்டு. மாண்டிசோரி வகுப்பில் குழந்தை மணல்தாள் எழுத்துகளை விரலால் தடவி ஒலியைக் கற்பதால் முதற்சோதனை பெரிய இடர் அன்று. ஆனால் தேர்வு நெருங்க நெருங்கப் பெற்றோரின் மனம் கலங்கும். அப்போது பள்ளி என்ன செய்யும்? மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் ஒரே அறையில் கலந்து வளர்வது இம்முறையின் அடிப்படை. அரசுப் பள்ளியில் சேர்க்கை தொடங்குவதோ நான்கு வயதில். அந்த இடைவெளியை எப்படி நிரப்பப் போகிறார்கள்? இத்தகைய கேள்விகளுக்குத் தயக்கத்துடன் நேர்மையான விடை கூறுகிறவர், எல்லாவற்றுக்கும் உடனே புன்னகையோடு விடை கூறுகிறவரைவிட நம்பத்தக்கவர்.

விண்ணப்பத்தாளில் அறம்

அடுத்து வருவது விண்ணப்பம். பிள்ளைக்காகப் பொய் சொல்வது தியாகம் என்றே பலர் எண்ணுகின்றனர். இடங்கள் போதாதபோது பெரும்பாலான பள்ளிகள், அரசின் பராமரிப்பில் உள்ள குழந்தைகள், ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் உடன்பிறந்தோர் ஆகியோருக்கு அடுத்தபடியாக, வீட்டின் தொலைவைப் பார்க்கின்றன. ஆகவே உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பதும், பள்ளிக்கு அருகில் சில மாதங்களுக்கு மட்டும் வாடகைக்கு வீடு எடுப்பதும் வழக்கமாயின. இந்த அச்சம் அதிகாரிகளையும் நிலைதடுமாறச் செய்தது. 2008-இல் பூல் நகராட்சி, முகவரியில் ஐயம் கொண்டு ஒரு குடும்பத்தைச் சில வாரங்கள் வேவு பார்த்தது. அக்குடும்பத்தார் கூறிய முகவரி உண்மையானது. வேவு பார்த்தது சட்டத்திற்கு மாறானது என்று 2010-இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. பலருடைய சிறு பொய்களுக்கான விலையை உண்மை சொன்ன ஒரு குடும்பம் செலுத்த நேர்ந்தது.

தந்திரம் தேவைப்படாத இடத்திலும் தந்திரம் தேடுவது மனித இயல்பு. விருப்பப் பட்டியலில் தம் பள்ளி எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதைக் கருதி இடம் வழங்கும் வழக்கத்தை 2007-ஆம் ஆண்டின் சேர்க்கை நெறிமுறை தடைசெய்தது. ஒவ்வொரு பள்ளியும் தன் விதிகளை மட்டும் கொண்டு குழந்தைகளை வரிசைப்படுத்தும். ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் இடம் கிடைத்தால், பெற்றோர் பட்டியலில் எது மேலே உள்ளதோ அது வழங்கப்படும். உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் எழுதுவதே அனைத்திலும் சிறந்த உபாயம் என்று அமைந்த அரிய ஏற்பாடு இது. ஒரே பள்ளியை மட்டும் எழுதிவிட்டு மற்ற இடங்களை வெறுமையாக விடுவோரே இதில் இழப்புக்கு உள்ளாகின்றனர்.

புதிய பள்ளியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. தொடங்கும் முதல் ஆண்டில் அது உள்ளாட்சி மன்றத்தின் பொது ஏற்பாட்டுக்கு வெளியே நின்று, நேரடியாக விண்ணப்பங்களைப் பெற அனுமதி இருக்கிறது. அரசுடன் நிதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை அது வழங்கும் இடங்கள் நிபந்தனைக்கு உட்பட்டவை. ஆகவே பெற்றோர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்கள் இருக்கலாம்: புதிய பள்ளியில் ஒன்று, பழைய பள்ளியில் ஒன்று. ஒப்பந்தம் உறுதியாகாத நிலையில் இரண்டையும் வைத்திருப்பது முன்னெச்சரிக்கை. அதைக் குறைகூறுவது கடினம். ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் நிலைமை மாறிவிடுகிறது. அதன் பின்னரும், 'செப்டம்பர் வரை பார்ப்போம்' என்று இரண்டாவது இடத்தை விடாமல் பற்றிக்கொண்டிருந்தால், வேறொரு குழந்தையின் நாற்காலியில் தம் பையை வைத்து மறித்திருப்பதற்கு அது ஒப்பாகும். அந்த மற்றொரு குழந்தையின் பெற்றோர் கோடை முழுவதும் கலக்கத்தில் காத்திருப்பார்கள். சட்டம் இதைத் தண்டிப்பதில்லை. யாரும் வந்து கேட்பதும் இல்லை. அதனாலேயே இது அறத்தின் எல்லைக்குள் வருகிறது.

மாண்டிசோரி வகுப்பறையில் ஒவ்வொரு கருவியும் ஒன்று மட்டுமே இருக்கும் என்பது இங்கே நினைக்கத்தக்கது. இளஞ்சிவப்புக் கோபுரத்தில் ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கனச்சதுரங்கள் உண்டு. வகுப்புக்கு ஒரு கோபுரம்தான். ஒரு குழந்தை அதை எடுத்து வைத்திருந்தால் மற்றொன்று காத்திருக்க வேண்டும். வேலை முடிந்தவுடன் முதற்குழந்தை அதை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். இன்னொன்று வாங்கப் பணம் இல்லாமல் அல்ல, வேண்டுமென்றே அவ்வாறு ஏற்படுத்தப்பட்டது. நான்கு வயதுக் குழந்தையிடம் எதிர்பார்க்கப்படும் இந்த ஒழுக்கத்தை அதன் தந்தையிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது.

குலுக்கலின் நீதி

எல்லா விதிகளையும் பார்த்த பின்னரும் இருவர் சமமாக நின்றால் குலுக்கல் முறையில் இடம் வழங்கப்படுகிறது. பள்ளியைச் சாராத ஒருவர் அதை மேற்பார்வையிட வேண்டும் என்பது விதி. இந்தியாவிலும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 விழுக்காடு இடங்களுக்குக் குலுக்கல் நடப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். பிள்ளையின் வாழ்க்கையைச் சீட்டில் தீர்மானிப்பதா என்ற கொதிப்பு அப்போது எழுகிறது. சற்று நிதானமாகப் பார்த்தால், குலுக்கல் யாரையும் இழிவுபடுத்துவதில்லை. 'உன் குழந்தை தகுதியில் குறைந்தது' என்று அது சொல்வதே இல்லை. 'இரு குழந்தைகளும் சமம், இடம் ஒன்றுதான்' என்று மட்டுமே சொல்கிறது. நான்கு வயதுக் குழந்தையை நேர்காணலில் அமரவைத்துத் தரம் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேலானது. அத்தகைய நேர்காணலை இங்கிலாந்தின் நெறிமுறை தடைசெய்தும் இருக்கிறது.

மாண்டிசோரி முறை உண்மையில் பயன் தருகிறதா என்பதை உலகம் அறிந்துகொண்டதே குலுக்கலால்தான். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அரசு மாண்டிசோரி பள்ளிக்குக் குலுக்கலில் இடம் பெற்ற குழந்தைகளையும், அதே குலுக்கலில் இடம் பெறாத குழந்தைகளையும் ஒப்பிட்டு லில்லர்டும் நிக்கோல் எல்ஸ்-குவெஸ்டும் 2006-இல் ஆய்வு வெளியிட்டனர். இடம் பெற்ற ஐந்து வயதுக் குழந்தைகள் வாசிப்பிலும் கணக்கிலும் மட்டுமன்றி, விளையாட்டு மைதானத்தில் பிறரோடு பழகும் முறையிலும் மேம்பட்டிருந்தனர். 2025-இல் வெளிவந்த விரிவான ஆய்வு 24 அரசுப் பள்ளிகளில் 588 குழந்தைகளை இதே முறையில் ஒப்பிட்டது; ஐந்தாறு வயதில் வாசிப்பு, நினைவாற்றல், பிறர் மனத்தை உணர்தல் முதலியவற்றில் நன்மை தெரிந்தது. பெற்றோரின் அக்கறையோ வருமானமோ இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று கூற இடமில்லை; விண்ணப்பித்தோர் இரு புறமும் ஒரே தன்மையினர். இடம் கிடைக்காத பிள்ளைகளும் வந்து அமர்ந்து சோதனைகளைச் செய்து காட்டினார்கள். அவர்கள் இல்லையென்றால் இந்த அறிவு பிறந்திருக்காது.

தவறியோரும் தப்பியோரும்

2011-இல் திறக்கப்பட்ட அந்த மாண்டிசோரி பள்ளியின் கதையைக் கூறாமல் விட முடியாது. அது மேற்கு சசெக்ஸ் மாவட்டத்தின் கிராலி நகரில் இருந்த டிஸ்கவரி நியூ ஸ்கூல். 2013 மே மாதம் அரசின் ஆய்வாளர்கள் வந்தனர். அவர்கள் அளித்த தரம், 'போதாது' என்பது. பள்ளித் தலைமைக்கு வேண்டிய திறன் இல்லை என்று அவர்கள் கண்டனர். பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் பின்தங்கும் அபாயம் சுட்டிக்காட்டப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில், கல்வியாண்டின் நடுவிலேயே, பள்ளி மூடப்பட்டது. முறை பொய்த்தது என்று இதற்குப் பொருளில்லை. நல்ல விதையும் உழத் தெரியாதவர் கையில் முளைக்காது. ஆயினும் அங்கே படித்த சிறுவர்களுக்கு இந்த விளக்கத்தால் என்ன பயன்? அவர்கள் பாதி ஆண்டில் வேறு பள்ளிகளில் அறிமுகமற்ற முகங்களுக்கு நடுவே அமர வேண்டியிருந்தது.

அந்தப் பெற்றோர் தவறு செய்தார்களா? அதே ஆண்டு, அதே ஆர்வத்தோடு, வேறு புதிய பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரை, அப்பள்ளிகள் நன்றாக நிலைத்துவிட்டதால், தொலைநோக்கு உடையவர்கள் என்று உலகம் பாராட்டும். கிராலிப் பெற்றோரை ஏமாளிகள் என்னும். இருசாராரும் கையெழுத்திட்ட நாளில் அறிந்திருந்தது ஏறக்குறைய ஒன்றே. பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இரு தத்துவ அறிஞர்கள் 1976-இல் இந்தப் புதிரை 'ஒழுக்கத்தில் ஊழின் பங்கு' என்ற வகையில் எழுப்பினர். நம் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றுக்காக நம்மைப் போற்றுவதோ பழிப்பதோ முறையன்று என்று அறிவு கூறுகிறது. ஆனால் உலகமும், நம் மனச்சான்றுங்கூட, விளைவைப் பார்த்தே தீர்ப்பு எழுதுகின்றன. பலனில் உரிமை கொண்டாடாமல் கடமையைச் செய்யும்படி இந்தியச் சிந்தனை வலியுறுத்துவதை இங்கே எளிதாக மேற்கோள் காட்டிவிடலாம். ஆனால் அதைக் கவசமாக்கிக்கொள்வதும் தவறு. பலன் நம் கையில் இல்லை என்பது செயலுக்கு முன் விசாரிக்காமல் இருப்பதற்கோ, செயலுக்குப் பின் கண்களை மூடிக்கொள்வதற்கோ உரிமை தருவதில்லை.

கிராலிக் கதையில் உண்மையான அறக்கேள்வி விண்ணப்ப நாளில் எழுவதைவிட, அதற்குப் பிந்திய மாதங்களில்தான் கூர்மையாக எழுகிறது. தாம் தேர்ந்தெடுத்தது என்பதாலேயே ஒன்றைக் காத்து வாதாடும் பழக்கம் மனிதருக்கு உண்டு. புதிய பள்ளிக்காகத் தெருத்தெருவாகச் சென்று ஆதரவு திரட்டியவர்களுக்கு அது இன்னும் வலிமையாக இருக்கும். குழந்தை ஏழு வயதிலும் ஒரு வரி படிக்கத் தடுமாறினால், 'இம்முறையில் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் காலம் உண்டு' என்று ஆறுதல் கொள்ளலாம். அது உண்மையாக இருக்கலாம். கண்ணைக் கட்டும் துணியாகவும் இருக்கலாம். எது என்பதை அறிய, மாண்டிசோரி தம் ஆசிரியர்களிடம் வேண்டிய அதே பழக்கம் பெற்றோருக்கும் வேண்டும்: ஒதுங்கி அமர்ந்து, தம் விருப்பத்தைக் கலக்காமல், குழந்தை உண்மையில் என்ன செய்கிறது என்று நாள்தோறும் பார்த்தல். அவர் அதற்குக் குறிப்பேடு வைத்திருக்கச் சொன்னார். தன் தேர்வு சரியானது என்று நிறுவுவதற்காகப் பார்ப்பவர் அந்தக் குறிப்பேட்டில் எழுதுவது வேறு. குழந்தைக்காகப் பார்ப்பவர் எழுதுவது வேறு.

ஏப்ரல் 16 அன்று இடம் கிடைக்காத குடும்பங்கள் காத்திருப்போர் பட்டியலில் சேரலாம். அதை டிசம்பர் 31 வரையாவது பள்ளி வைத்திருக்க வேண்டும். முதலில் பெயர் கொடுத்தவர் என்பதற்காக அங்கே யாருக்கும் முன்னுரிமை இல்லை. ஒவ்வொரு புதிய பெயர் சேரும்போதும் பட்டியல் முழுவதும் விதிகளின்படி மீண்டும் வரிசைப்படுத்தப்படும். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு புதிய குடும்பம் குடியேறினால், ஆறு மாதமாக முதலிடத்தில் இருந்த குழந்தை ஒரே நாளில் இரண்டாவதாகிவிடும். அந்தப் புதிய குடும்பத்திடம் போய்ப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டியவரும், பெரும்பாலும், அதே தெருவில் வசிக்கும் அந்த முதற்குழந்தையின் தாய்தான்.